பழைய டோப்போ ஷீட்டை வைத்து ஏரியின் பழைய எல்லையைப் பிடிப்பது எப்படி?

குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரியையே எடுத்துக்கொள்வோம். அது 58 எம்/10 என்ற எண்ணுள்ள டோப்போ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) வரும். அங்குலத்துக்கு ஒரு மைல் (1:63,360) அளவுள்ள பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்தான் வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க ராணுவ வரைபடம் 1:2,50,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். ஏரி இருந்ததா என்று பார்க்கலாம், எல்லை பிடிக்க ஆகாது.

ஸ்கேனை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சரில் (ஸ்கேனைத் தரையில் அதற்குரிய இடத்தோடு பொருத்தும் கருவி) ஏற்றி, இலக்கை இபிஎஸ்ஜி 32644 (இந்தப் பகுதிக்கான, மீட்டரில் அளக்கும் ஆயமுறை) என்று வையுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. தாளின் மூலைகளில் அச்சிட்ட அட்சம், தீர்க்கத்தை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஜிபிஎஸ் கணக்கோடு சேர்த்தால் ஏரி நூறு இருநூறு மீட்டர் நகர்ந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டுத் தாளானால் தீர்க்கமே சுமார் இரண்டரை நிமிடம் பிசகும்; அது நாலரை கிலோமீட்டர்! அதனால் கோயில், ரயில் பாலம், பழைய சாலைச் சந்திப்பு என்று இன்றும் அதே இடத்தில் இருப்பவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குறியுங்கள். ஆற்றங்கரையும் நீர் விளிம்பும் வேண்டாம். பத்துப் புள்ளிகளைத் தாள் முழுக்கப் பரப்பி, உருமாற்ற வகையாகப் பாலினாமியல் 1 (தாளை வளைக்காமல் பொருத்துவது) போடுங்கள். மடிப்பு விழுந்த தாளுக்கு 2. தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற வகை, புள்ளிகளுக்கேற்பத் தாளையே வளைத்துப் பிழையைப் பூஜ்யமாகக் காட்டி ஏமாற்றும். பிழை 30 மீட்டருக்குள் இருந்தால் போதும், தாளில் அது அரை மில்லிமீட்டர்தான்.

இனி வாசிப்பு. நீல நிறத்தை ஏரியின் முழு அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்கழியில் ததும்பும் ஏரி சித்திரையில் பாதிகூட இருக்காது. எப்போது அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. கரை, மதகு, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மூன்றையும் முதலில் வரையுங்கள். நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். கரையோரம் '9ஆர்' என்றிருந்தால், பக்கத்துத் தரையிலிருந்து 9 அடி உயரம். கடல் மட்டக் கணக்கு அல்ல. மேற்கே கரை இல்லாத பக்கத்தில் சம உயரக் கோட்டை நம்ப முடியாது. 50 அடிக்கு ஒன்று என்பதால் இந்தச் சமவெளியில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அங்கே வண்டிப்பாதையைப் பாருங்கள். காரணமில்லாமல் வளைந்து போனால், அது தண்ணீரைச் சுற்றிப் போகிறது.

அந்த வளைவுக்குள் இன்று வயல் தெரிந்தால் உடனே ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடாதீர்கள். பரவனாறு கொண்டுவரும் வண்டலிலும் ஏரி மேடாகும். கிராம வரைபடத்தில் ஏரிப் புறம்போக்கு சர்வே எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பின்சேர்க்கை: புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரி, பாகூர் ஏரி பற்றிக் கேட்டவர்களுக்கு. இரண்டுமே தாள்கள் பிரியும் 79°45' தீர்க்கக் கோட்டை ஒட்டியவை, அதாவது 58 எம்/9, எம்/13 இரண்டு தாள்களும் தேவைப்படலாம். தனித்தனியாக ஜியோரெஃபரன்ஸ் செய்த பிறகே ஓரத்தை வெட்டி ஒட்டுங்கள். இரண்டும் வேறு வேறு ஆண்டில் அளந்தவையாக இருக்கலாம். ஒட்டுமிடத்தில் கரை முறிந்து தெரிந்தால் முதலில் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்.