கீபோர்டு சத்தத்தை அடக்கப் போய் நான் கெடுத்ததெல்லாம்

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். விசைத்தறி ஓடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் என் மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு கீயின் அடியிலும் தனியாக ஒரு ஸ்பிரிங் ஸ்விட்ச் இருக்கும் வகை) சத்தம் போடுகிறது என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தறி ஓடவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கான ஷிப்டில் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அறையிலிருந்து அம்மா குரல்: "ஏங் கண்ணு, தறிதான் நின்னுபோச்சே, நீயெதுக்குத் தறியாட்ட தடதடன்னு அடிக்கற?"

அதன்பிறகு ஆறு மாதம் அந்தக் கீபோர்டைப் பிரித்து மாட்டியதுதான் மிச்சம். பாதி வேலை வீண். காரணம் ஒன்றுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலேயே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டேன்.

கீபோர்டில் வருவது ஒரே சத்தம் இல்லை. கீ அடியில் போய் முட்டும்போது ஒரு 'தட்'. விரலை எடுத்ததும் மேலே வந்து முட்டும்போது சன்னமாக இன்னொன்று. உள்ளே ஸ்பிரிங் 'ஞிங்' என்று ரீங்காரமிடும். ஸ்பேஸ்பார், என்டர் போன்ற நீளமான கீகளின் அடியில் இருக்கும் கம்பி சலசலக்கும். இவ்வளவையும் வாங்கி மேசை பெரிதாக்கிக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலில் மேசையைப் பாருங்கள், காசு செலவில்லை. கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்து நாலு வரி அடியுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் பாதிக் குற்றம் மேசையுடையது. என்னுடையது தகர மேசை, தவில் மாதிரி. பவானி ஜமுக்காளத்தில் பழையது ஒன்றை இரண்டாக மடித்து அடியில் போட்டேன். ஆன்லைனில் வாங்கிய ஓ-ரிங் செய்யாததை அது செய்தது. ஜமுக்காளம் இல்லாவிட்டால் தடிமனான டெஸ்க் மேட் போதும்.

ஓ-ரிங் என்பது கீகேப்புக்குள், அதாவது எழுத்து அச்சிட்ட மேல்மூடிக்குள், மாட்டும் குட்டி ரப்பர் வளையம். அடியில் முட்டும் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும். மேலே வரும்போது எழும் சத்தம் அப்படியே இருக்கும். கீ இறங்கும் தூரமும் கொஞ்சம் குறைந்து, ஊறிப்போன முறுக்கைக் கடிப்பது போல ஆகிவிடும். பிடித்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு நாள் தாங்கவில்லை.

ஸ்விட்ச் வகைகளை ப்ளூ, ரெட், ப்ரவுன், பிளாக் என்று நிறப் பெயரால்தான் சொல்வார்கள். ப்ளூ ஸ்விட்சை அமைதியாக்கப் பார்ப்பது அடுத்த தவறு. ப்ளூவில் 'டிக்' என்பது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். உள்ளே நகரும் தண்டு இரண்டு துண்டாக இருக்கும். அதில் ஒரு துண்டு நழுவி விழுவதில்தான் அந்தச் சத்தம் பிறக்கிறது. அதில் கிரீஸ் தடவினால் டிக்கும் போய், தொடும் சுகமும் போய், எதற்கும் ஆகாத ஒன்று மிஞ்சும். அமைதிதான் வேண்டுமென்றால் சைலன்ட் ஸ்விட்சாக மாற்றிவிடுங்கள். செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் சைலன்ட் ரெட்டில் தண்டிலேயே ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். கீழே போகும்போதும் மேலே வரும்போதும் அது தாங்கும். அதனால் மொத்த இறக்கம் சாதா ரெட்டின் 4 மில்லிமீட்டருக்குப் பதில் 3.7 ஆக இருக்கும்.

மாற்றுவதற்கு முன் உங்கள் கீபோர்டு ஹாட்ஸ்வாப்பா (ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடியதா), ஸ்விட்சை ஈயப்பற்று வைத்து சால்டர் செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்வாப் என்றால் இடுக்கியால் பிடுங்கிச் செருகினால் ஆயிற்று. செருகும்போது கோணலாக அழுத்தினால் ஸ்விட்சின் செப்புக்கால் மடங்கிக்கொள்ளும், கீ வேலை செய்யாது. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிமிர்த்தினால் சரியாகிவிடும். ஐந்து கால் ஸ்விட்ச், மூன்று காலுக்கு மட்டும் துளை உள்ள சர்க்யூட் போர்டில் உட்காராது. அதற்கு ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்க வேண்டும், உலோகக் கால்களை அல்ல. சால்டர் செய்த போர்டாக இருந்து, அந்த வேலை கைவராதவராகவும் இருந்தால், விட்டுவிடுங்கள். அதிகச் சூடு காட்டினால் போர்டிலிருக்கும் செப்பு உரிந்து வந்துவிடும்.

இனி எண்ணெய்க் கதை. ஸ்விட்சுக்குள் உரசலும் ஸ்பிரிங் ரீங்காரமும் அடங்க எண்ணெயோ கிரீஸோ தடவுவார்கள். இதில் நான் செய்த பாவம் கொஞ்ச நஞ்சமல்ல.

முதலில் தேங்காயெண்ணெய். பொள்ளாச்சியிலிருந்து செக்கெண்ணெய் வந்திருந்தது, கையில் காதைக் குடையும் பட்ஸ் இருந்தது. புரட்டாசியில் தடவினேன், அருமையாக இருந்தது. மார்கழியில் ஒரு விடியற்காலை 'ஏ'வை அழுத்தினால் போன கீ திரும்பி வர யோசிக்கிறது. குளியலறையில் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். நம் பக்கம் மார்கழிக் காலை அதற்கும் கீழேதான். போதாக்குறைக்குச் சிக்கு வாடை வேறு.

அடுத்து தையல் மெஷின் ஆயில். திருப்பூர்க்காரர் வீடுகளில் இல்லாமலிருக்காது. அது ரொம்ப நீர்த்தது. தடவிய இடத்தில் நிற்காமல் ஓடிப் போய் மின்தொடர்புத் தகடு வரை இறங்கிவிடும். எங்கள் வீட்டில் காற்றோடு பஞ்சும் பறக்கும். ஈரமாக எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்தில் ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் குட்டிக் குட்டியாகத் திரி. டபிள்யூடி-40 ஸ்பிரே, வாசலின் பக்கமும் போக வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

இதற்குப் பலரும் வாங்குவது கிரைடாக்ஸ் 205ஜி0, டிரைபோசிஸ் 3203 போன்ற கிரீஸ்கள். சின்ன டப்பா, விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் ஒரு டப்பா பல கீபோர்டுக்கு வரும். அதை வாங்கி வைத்துக்கொண்டும் தப்பு செய்தேன்: வெண்ணெய் தடவுவது போல அப்பினேன். நாற்பது வருடம் தறிக்கு எண்ணெய் விட்ட அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெ நெறயா உட்டா நல்லா ஓடுமுன்னு ஆரு சொன்னா? தேயற எடத்துல மட்டும் உடோணும்."

அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சைத் திறந்தால் தண்டு ஏறி இறங்கும் இரண்டு தடம் தெரியும். அதிலும், தண்டின் பக்கவாட்டிலும், ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பூனைமுடி பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு மட்டும் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் வழித்துவிடுங்கள். ப்ரவுன் மாதிரி நடுவில் தட்டுப்படும் ஸ்விட்ச் என்றால், தகட்டை உரசும் அந்த இரண்டு குட்டிக் கால்களில் படவே கூடாது, தட்டுப்படுவது மழுங்கிவிடும். ஒரேயடியாக எல்லாவற்றையும் பிரித்துப் போடாமல் முதலில் இரண்டு ஸ்விட்சுக்கு மட்டும் போட்டு, போடாததோடு அழுத்திப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் 87 ஸ்விட்சுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முடித்த பிறகு பிடிக்கவில்லை என்றால் அழுகைதான்.

மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு ஸ்பேஸ்பாரை மறப்பவர்கள் உண்டு. நானும்தான். எல்லாக் கீயும் அடங்கியபின் அது ஒன்று மட்டும் சலங்கை கட்டியது போல ஆடும். ஸ்பேஸ்பாரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சலசலத்தால், முன்பு சொன்ன அந்த அடிக்கம்பி (ஸ்டெபிலைசர் கம்பி) கோணியிருக்கலாம். கழற்றி ஜன்னல் கண்ணாடி மாதிரி மட்டமான இடத்தில் வைத்து ஒரு முனையைத் தட்டினால், கோணல் கம்பி தொட்டிலாக ஆடும். மெதுவாக வளைத்து ஆட்டம் நின்ற பிறகு, கம்பியின் முனை பிளாஸ்டிக்குள் நுழையும் இடத்தில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) வையுங்கள். இங்கே மட்டும் தாராளமாக வைக்கலாம். நேரம் இல்லாதவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

ஃபோம் பற்றிச் சுருக்கமாக. கீபோர்டின் அடிப்பெட்டியில் காலியாக இருக்கும் இடத்தில் மெல்லிய ஃபோம் போட்டால் எதிரொலி குறையும். தடித்த ஸ்பாஞ்சைத் திணித்து ஸ்க்ரூவை முறுக்கினால் போர்டு உப்பும், சில கீ இணைப்பு விட்டுப்போகும். வயர்லெஸ் கீபோர்டில் பேட்டரியை அழுத்தும்படி எதையும் வைக்காதீர்கள். போர்டின் பின்னால் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுகிறார்களே, அது சத்தத்தைக் குறைப்பதைவிட அதன் தொனியைக் கனமாக்கும். கையில் இருக்கிறதென்று அலுமினியம் டேப்பை ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும்.

கடைசித் தவறு, மெத்தென்று வேண்டுமே என்று மிக லேசான ஸ்பிரிங் வாங்குவது. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பாஸ் செய்தவன். அந்த மெஷினில் ஓங்கி அடித்தால்தான் எழுத்து காகிதத்தில் பதியும். கை அப்படியே பழகிவிட்டது. அந்தக் கைக்கு லேசான ஸ்பிரிங் கிடைத்தால் தடுப்பாரில்லாமல் அடிவரை போய் இன்னும் பலமாக முட்டும். எனக்குச் சத்தம் கூடியது, பிழையும் கூடியது. அழுத்த 45 கிராம் அளவு விசை கேட்கும் ரெட்டிலிருந்து 60 கிராம் கேட்கும் பிளாக்குக்கு மாறிய பிறகுதான் கை அடங்கியது. இந்த ஸ்விட்சுகளில் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே எழுத்து விழுந்துவிடும், மிச்சம் 2 மில்லிமீட்டர் நாம் சும்மா இடிப்பது. தினமும் பத்து நிமிடம் வேகத்தைப் பாதியாக்கி, அடியைத் தொடாமல் அடித்துப் பழகினேன். மூன்று வாரத்தில் எட்டு விரல் வழிக்கு வந்துவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் ஸ்பேஸ்பாரைக் குத்திக்கொண்டிருக்கிறது.