என் படத்தை நானே பூட்டிய கதை

எங்கள் ஏரியில் எடுத்த நாமக்கோழிப் படத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க ஆசை. ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில், பிறரும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில்தானே வைத்திருக்கிறோம் என்று விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப் போனேன். ஏற்கவில்லை.

நான் போட்டிருந்தது சிசி பை-என்சி-என்டி. என்சி என்றால் வணிகத்துக்குக் கூடாது; என்டி என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. பொதுவகத்தில் இரண்டுக்குமே இடமில்லை. கோழிக்குப் பக்கத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை (அது வேறு கதை) யாராவது அழித்துவிட்டு வெளியிட நினைத்தாலும் என் உரிமம் தடுத்திருக்கும்.

அப்புறம் ஃபிளிக்கரிலேயே பை-எஸ்ஏ என்று மாற்றினேன்: என் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாதே என்று கை கொஞ்சம் தயங்கியது. சரி, போகட்டும் என்று அழுத்தினேன். படம் ஏறியது.