டிஎன்ஏ மென்பொருள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனை, தலவாக்கலை, பதுளை என்று இலங்கை மலையகத்தில் எங்கே ஆய்வுகூடம் இருந்தாலும், டிஎன்ஏ வரிசையைப் பகுத்துப் பார்க்க மென்பொருள் வாங்கும்போது முதலில் வரும் கேள்வி "எது நல்லது?" என்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. உங்கள் கைக்கு எந்த வகைக் கோப்பு வரும், அதிலிருந்து என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

தேயிலையில் கொப்புள நோயை உண்டாக்கும் எக்சோபசிடியம் வெக்சன்ஸ் பூஞ்சையை ஐடிஎஸ் பகுதியை (பூஞ்சை இனங்களை அடையாளம் காண உதவும் டிஎன்ஏ பகுதி) வைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியை அனுப்பினால், சாங்கர் முறையில் (டிஎன்ஏவை ஒவ்வொரு துண்டாக வாசிக்கும் முறை) அதிகபட்சம் 700 முதல் 900 எழுத்து (ஏ, சி, ஜி, டி) வரையான வாசிப்பு, சமிக்ஞை வரைபடத்தோடு ஏபி1 கோப்பாக வரும். இதற்குச் சாதாரண மடிக்கணினியே போதும். வரைபடத்தைப் பார்க்க ஃபின்ச்டிவி, பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட அமெரிக்காவின் என்சிபிஐ நிறுவனத்தின் பிளாஸ்ட், இனங்களின் உறவைக் காட்டும் மரம் வரைய மெகா. எல்லாமே இலவசம். இந்த வேலைக்கு முழு மரபணுத்தொகுதியை (ஓர் உயிரியின் மொத்த டிஎன்ஏ) ஆராயும் விலையுயர்ந்த மென்பொருள் பொதியை வாங்குவது வீண் செலவு. மறுபக்கம், தேயிலையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும் மிக அதிகம். அதன் சிறு வாசிப்புத் துண்டுகளை மடிக்கணினியில் ஒன்றுசேர்க்கலாம் என்று நம்பி மென்பொருள் வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

நான் மிகவும் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றி. எழுத்துகளை மட்டும் காட்டி, அவற்றின் பின்னால் இருக்கும் முகடுகளை (வரைபடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் எழும் சமிக்ஞை) மறைக்கும் மென்பொருளைத் தேர்வது. தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையால் பெருகிய செடி. அதனால் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்த பிரதிகள் பல இடங்களில் வேறுபடும். வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீபீ தேயிலையிலும் அந்த வேறுபாடு அப்படியே இருக்கும். வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் எழுந்தால் அது உண்மையான வேறுபாடாகவும் இருக்கலாம், மாதிரி கலந்துபோனதாகவும் இருக்கலாம். மென்பொருள் தானாகவே ஒரு எழுத்தைத் தேர்ந்து முடித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்று சொல்லும் தரமதிப்பெண்ணையும் பார்க்க முடிய வேண்டும். கியூ20 என்றால் 100இல் 1 எழுத்து பிழையாக இருக்க வாய்ப்பு, கியூ30 என்றால் 1000இல் 1. வாசிப்பின் தொடக்கமும் முடிவும் பொதுவாகத் தரம் குறைந்தவை, அவற்றை எங்கே வெட்டுவது என்பதை நீங்களே தீர்மானிக்க வழி இருக்க வேண்டும்.

விலைப் பக்கம் வருவோம். வருடச் சந்தாவை டொலரில் செலுத்தும் மென்பொருளை நம்பி ஒரு முழு ஆய்வைக் கட்டுவது ஆபத்து. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது, அதே சந்தா சில வாரங்களிலேயே பெருந்தொகையானது. சந்தா முடிந்த பிறகு பழைய வேலையைத் திறக்க முடியுமா, ஃபாஸ்டா, ஜென்பேங்க் போன்ற பொது வடிவங்களில் வெளியே எடுக்க முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள். எது எப்படியானாலும் மூல ஏபி1 கோப்புகளைத் தனியே சேமியுங்கள்.

கேலக்ஸி போல இணையத்தில் இயங்கும் பகுப்பாய்வுத் தளங்கள் அருமையானவைதான். ஆனால் பல ஜிபி அளவுள்ள ஃபாஸ்ட்கியூ கோப்பை (வாசிப்புகளும் தரமதிப்பெண்களும் சேர்ந்த கோப்பு) மெதுவான இணைப்பில் ஏற்றும்போது மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். யூஜீன் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவிய பிறகு பெரும்பாலான வேலைகளை இணையமின்றியே செய்யலாம். பயோஎடிட் என்ற பழைய மென்பொருளைப் பழக்கத்தால் இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது அரிதாகவே புதுப்பிக்கப்படுகிறது. புதிய மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடை ஏற்கெனவே தெரிந்த உங்கள் சொந்தக் கோப்புகளைச் சோதனைக் காலத்தில் ஓட்டுங்கள். அதில் மோசமான வாசிப்பு ஒன்றும் இருக்கட்டும். அந்த மென்பொருளோடு தினமும் வேலை செய்யப்போகும் இருவரிடம் தனித்தனியே கொடுங்கள். இருவருக்கும் வேறு வேறு விடை வந்தால், எந்த அமைப்பு (எங்கே வெட்டுவது போன்ற தெரிவு) வேறுபட்டது என்பதை மென்பொருளே பதிவு செய்து காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அதை வாங்க வேண்டாம்.