பழைய ட்றம் செற் வாங்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

பரந்தனில் வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல் வைக்கும் அறையைத் துப்புரவாக்கி ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கியபோது, 1960களின் ட்றம் செற் ஒன்று அதற்குள் நிற்கவேண்டும் என்ற ஆசை எனக்குத் தலைக்கேறியிருந்தது. கணினிக்குள் எந்த ட்றம் ஓசையும் கிடைக்கும்தான். ஆனால் 70களின் ஈழத்துப் பொப்பிசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வறண்ட, குட்டையான அடி வேறு எதிலும் கிடைக்கவில்லை. கொழும்புப் பக்கம் கலைந்துபோன ஒரு ஹோட்டல் இசைக்குழுவின் பிரீமியர் செற் விலைக்கு வந்தது. கைப்பேசியில் படம் பார்த்தேன், விலை பேசினேன், லொறியில் ஏற்றிவிடச் சொன்னேன். வந்து இறங்கிய அன்றே 14 அங்குலப் புதுத் தோலை ஸ்நேரில் (அடியில் கம்பிகள் ஓடும் சின்ன ட்றம்) வைத்தேன். இறங்கவில்லை. அழுத்தினேன், தட்டினேன், மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. ரொம் என்ற மற்ற இரண்டு ட்றங்களும் அதே கதை.

விற்றவர் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் கொம்பனி 1960களின் பிற்பகுதி வரை தன் ட்றங்களின் கூடுகளை, அதாவது தோல் பூட்டும் உருளைகளை, இன்றைய பொது அளவைவிட விட்டத்தில் சற்றுப் பெரிதாகச் செய்தது. பெயருக்கு 14 அங்குலம். இன்றைய 14 அங்குலத் தோலோ அதன்மேல் சரியாக உட்காராது. ஜெர்மனியின் ட்றிக்சன், பழைய சோனர் போன்றவற்றிலும் மில்லிமீற்றர் அளவில் செய்த கூடுகள் உண்டு. ஆகவே முதற்பிழை, அளவு நாடா இல்லாமல் வாங்குவது. தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ரிம்மையும் தோலையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டின் வெளிவிட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது. கடிகாரத்தில் 12-6, 3-9, இடையில் இன்னும் இரண்டு என்று நாலு தரம் அளக்கவேண்டும். நாலும் ஒன்றாக வராவிட்டால் கூடு வட்டம் இழந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகினாலே சுருதி ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ரிம் போடாமல் வருசக்கணக்காகப் பரணில் கிடந்த கூடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. பழைய பொருளில் பழுது இருக்கத்தான் செய்யும். அந்தப் பழுதை எங்கள் ஊரில் திருத்த முடியுமா, முடியாதா என்று மட்டும் பார்க்கவேண்டும். லண்டனில் இருப்பவர் எழுதிய அறிவுரையை வாசித்துவிட்டு இங்கே வாங்கினால் அடிபடுவோம். அவருக்கு அடுத்த தெருவில் பழைய ட்றம் திருத்துகிற ஆள் இருப்பார். எங்களுக்கு இருப்பவர்கள் தச்சர், லேத் பட்டறைக்காரர், வெல்டிங் கடைக்காரர், கராஜ்காரர்.

இவர்களால் முடிந்தவை நிறைய. ஸ்ராண்டின் கால் முறிந்திருந்தால் வெல்டிங் கடையில் அரை மணித்தியால வேலை. குரோம் பூச்சில் மேலாகப் படிந்த துருவை அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தே எடுக்கலாம். பலகை அடுக்கு ஒரு ஓரத்தில் விட்டிருந்தால் நல்ல தச்சர் பசை ஏற்றி இறுக்கிக் கட்டித் தருவார். மேலே சுற்றிய முத்து நிறப் பிளாஸ்ரிக் உறை மூட்டில் சுருங்கிக் கிளம்பியிருந்தால் அதையும் ஒட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: பழைய உறைகள் சில செலுலோயிட். நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றும். சூடு காட்டி இளக்கி ஒட்டுகிறேன் என்று ஹீற் கன் என்ற சூட்டுக் காற்று ஊதியைத் தூக்காதீர்கள்.

முடியாதவைதான் காசைத் தின்பவை. தோல் உட்காரும் விளிம்பு அதில் முதலாவது. அது ஒரே மட்டமாகவும், சுற்றிவர ஒரே சரிவாகவும் இருக்கவேண்டும். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கடையில் வாங்கி, அதன்மேல் கூட்டைக் கவிழ்த்து, அறையை இருட்டாக்கி உள்ளே ரோர்ச் அடியுங்கள். எங்கெங்கு வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் விளிம்பு தேய்ந்திருக்கிறது. மயிரிழை வெளிச்சத்துக்குப் பயப்படவேண்டாம். கடதாசி நுழைகிற இடைவெளி என்றால் விட்டுவிடுங்கள். "அண்ணை, உளி போட்டு ஒரு நிமிசத்தில சமப்படுத்தித் தாறன்" என்று தச்சர் சொல்லுவார். கையால் சீவிய விளிம்பு அந்த ட்றத்தின் குரலையே மாற்றிவிடும். 60களின் கூடுகளில் விளிம்பு உருண்டையாக இருப்பது குறை அல்ல, அதுதான் அந்தக் காலத்து ஓசை. அதைக் கூராக்கிவிட்டால் பழைய செற் வாங்கிய காரணமே போய்விடும்.

அடுத்தது லக். கூட்டின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்தச் சிறு உலோகத் துண்டுகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வெடித்தால் வெல்டிங்கில் ஒட்டாது, உருகி ஓடும். அதற்குள் போய்த் தோலை இறுக்கும் முறுக்காணி இன்னொரு பொறி. அமெரிக்க, ஜப்பானிய ட்றங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 12-24 என்ற அங்குலப் புரி. எங்கள் ஹாட்வெயார் கடைகளில் இருப்பது மில்லிமீற்றர் போல்ற். 5 மி.மீ. ஆடும், 6 மி.மீ. ஏறாது. ஏறாததை இழுத்து முறுக்கினால் உள்புரி போச்சு. ஆகவே ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, விரலால் திருப்பி மறுபடி ஏற்றிப் பாருங்கள். எட்டு ஆணியில் ஒன்று குறைந்திருந்தாலும் "அது எங்கேயும் வாங்கலாம்" என்ற பேச்சை நம்பவேண்டாம்.

ஸ்நேரின் கம்பிகளை ஏற்றி இறக்கும் விசையும் இந்த ரகம்தான். ஒவ்வொரு கொம்பனியும் தன் பாட்டுக்கு ஒவ்வொரு மாதிரிச் செய்தது. ஒன்றின் பாகம் மற்றதற்குச் சேராது.

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் இருந்து வரும் செற் என்றால் உப்புக் காற்றை நினைவில் வையுங்கள். குரோமில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் வந்திருந்தால் அது தேய்த்து எடுக்கிற துரு அல்ல. பார்வைக்குத்தான் கெடுதல், ஓசைக்கு இல்லை. விலையைக் குறைக்க அது நல்ல சாட்டு.

இனிப் பெயர்ப் பட்டயம். லுட்விக் என்ற அமெரிக்கக் கொம்பனியின் தகடு ஒன்று இருந்தால் கண் மங்கிவிடுகிறது எங்களுக்கு. தகட்டைக் கழற்றி இன்னொரு கூட்டில் அறைய ஒரு துளை போதும். லுட்விக்கில் தொடரிலக்கம் 1960களின் முற்பகுதியில்தான் தொடங்கியது. அதுகூட வரிசைப்படி குத்தப்பட்டதல்ல. இலக்கத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை ஒரு சிரிப்போடு கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டின் உட்புறத்தைப் பார்ப்பது மேல்: 60களின் தொடக்கம் வரை வெள்ளைப் பூச்சு, பிறகு 60களின் கடைசி வரை சாம்பல் நிறப் புள்ளிப் பூச்சு, அதற்குப் பின் மரத்தின் நிறமே தெரியும் உட்புறம். சில கூடுகளுக்குள் திகதி முத்திரையும் இருக்கும். எல்லா ட்றத்துக்கும் உட்புறம் ஒரே மாதிரியா என்று பார்த்தாலே, மூன்று செற்றில் பொறுக்கி ஒன்றாக்கியதா என்று பிடிபட்டுவிடும்.

60, 70களில் ஜப்பானில் ஒரே தொழிற்சாலையில் இருந்து வெவ்வேறு பெயர்களில் செற்றுகள் வெளிவந்தன. பேர்ள், ஸ்ரார் (1974இல் ராமா ஆனது இதுதான்) போன்றவர்கள் செய்தவை. பெரும்பாலும் லுவான் என்ற மலிவு மரம். ஆட்கள் இவற்றைக் குப்பை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். விளிம்பு நேராக இருந்தால் மெல்லிய லுவான் கூடு ஒலிவாங்கிக்கு முன்னால் மென்மையாகப் பேசும். அமெரிக்கச் செற்றின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அதேபோல, மேலதிகமாகத் துளை போட்ட, உறை மாற்றிய செற்றுகளைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். எங்களுக்கு அது வாய்ப்பு. ஒலிப்பதிவில் துளை கேட்பதில்லை. சேகரிக்க வாங்குகிறீர்களா, வாசிக்க வாங்குகிறீர்களா என்பதை வீட்டில் இருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொண்டு போங்கள்.

விற்பவர் வீட்டில் இரண்டு அடி அடித்துவிட்டு "செத்த சத்தம்" என்று திரும்பி வருவதும் பிழை. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பறையைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. தோல் தளர்ந்தால் எந்த வாத்தியமும் செத்ததுதான். பிளாஸ்ரிக் ட்றம் தோலைப் பரப்பிய அமெரிக்கர் றெமோ பெல்லி தன் கொம்பனியைத் தொடங்கியது 1957இல். அந்த ஆண்டுகளுக்கு முன் ட்றத்துக்கும் கன்றுத்தோல்தான், மழைக்குத் தொய்ந்துவிடும். இப்போது எல்லாம் பிளாஸ்ரிக். அதுவும் 20 வருசம் கிடந்தால் செத்துத்தான் போகும். ஆணி திருப்பும் சாவியும் ஒரே ஒரு புதுத் தோலும் கொண்டுபோய், ஏதாவது ஒரு ரொம்மில் மாட்டிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒற்றை அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சுள்ள தோல்தான் இந்தக் கூடுகளுக்குப் பொருத்தம். தடித்த இரட்டை அடுக்குத் தோலைப் போட்டுவிட்டுப் பழைய ஓசை வரவில்லையே என்று அழக்கூடாது.

அறையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பத்துக்குப் பத்து அடி, சீமெந்துச் சுவர், தாழ்ந்த தகரக் கூரை. அதற்குள் 24 அங்குல பேஸ் ட்றம் வைத்தால் பதிவில் வருவது ட்றம் அல்ல, அறை. 20 அங்குல பேஸ், 12, 14 அங்குல ரொம் என்ற சின்னச் செற் போதும். கூரைக்குக் கீழே பஞ்சோ கம்பளியோ தடிப்பாகக் கட்டாவிட்டால் சிம்பல் சத்தம் மேலே பட்டுத் திரும்பி ஒலிவாங்கிக்குள் மணலாய்க் கொட்டும். கார்த்திகை, மார்கழியில் மழை தகரத்தில் அடிக்கும்போது பதிவே இல்லை. இரவில் செய்யலாம் என்றால் காட்டோரக் கிராமங்களில் யானை விரட்டப் போடும் வெடி. என்னுடைய ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு வெடி அப்படியே கிடக்கிறது. கேட்டவர்கள் நல்ல இடத்தில் போட்டிருக்கிறீர்கள் என்கிறார்கள்.

ஒலிவாங்கிக்கும் காசு ஒதுக்கவேண்டும். முழுக் காசையும் செற்றுக்குக் கொட்டிவிட்டு, ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும், இரண்டே உள்வாய் உள்ள இன்ரர்ஃபேசோடு நிற்பவர்களைத் தெரியும். கிளின் ஜோன்ஸ் என்ற ஆங்கில ஒலிப்பதிவாளரின் பேரில் வழங்கும் முறைக்கு நாலு ஒலிவாங்கி போதும்: ஸ்நேருக்கு மேலே உயரத்தில் ஒன்று, நிலத்தில் நிற்கும் ஃபுளோர் ரொம் பக்கம் ஒன்று, பேஸுக்கு ஒன்று, ஸ்நேருக்குக் கிட்ட ஒன்று. முதல் இரண்டும் ஸ்நேரின் நடுவில் இருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தால் சரி. தூரம் பிசகினால் ஸ்நேரின் ஓசை ஒல்லியாகிவிடும்.

சிம்பலை வேறாகப் பாருங்கள். நடுத்துளை சாவித்துவாரம்போல் நீண்டிருக்கிறதா, ஓரத்தில் நகம் இடறுகிறதா என்று தடவுங்கள். வெடிப்பு சின்னதென்றாலும் வளரும்.

வெளிநாட்டில் இருந்து கப்பலில் போடுவதென்றால், ரிம்மும் தோலும் பூட்டியபடியே வரட்டும். கூடு வட்டம் இழக்காது. சின்னதைப் பெரியதற்குள் வைத்து இடையில் பழைய சீலைகளைத் திணிக்கச் சொல்லுங்கள். இரும்பு ஸ்ராண்டுகள் வேறு பெட்டியில். வந்தபின் நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடும்.

என் பிரீமியருக்கு லண்டனில் இருக்கும் மச்சான், அந்தப் பழைய அளவுக்கென்றே செய்கிற ஸ்நேர்த் தோல் ஒன்றைத் தேடி, பால்மாவுக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவில் வைத்து அனுப்பினான். ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடப் பொடியன்கள் பழக வருகிற நாட்களில் அந்த ஸ்நேர் மட்டும் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.