அலுவலகக் கோப்பு தேடினால் கிடைக்க

ஸ்கேன் செய்த பத்திரம் வெறும் படம். முதலில் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சொல் எதுவும் தேடலில் சிக்காது.

அடுத்து மெட்டாடேட்டா, அதாவது கோப்பைப் பற்றிய விவரக் குறிப்புகள். அதற்கான டப்ளின் கோர் என்ற பொதுத் தரத்தில் நிரப்ப வேண்டிய 15 புலங்கள் உண்டு. அத்தனையும் கேட்டால் யார் நிரப்புவார்கள்? ஆவண வகை, துறை, இடம், தேதி, நிலை போதும். தேதியை 2024-03-07 என்றே எழுதுங்கள். 07-03 என்றால் மார்ச்சா ஜூலையா என்று குழம்பும், வரிசையும் கெடும்.

பெரிய தலைவலி இடப்பெயர். சென்னையில் ஒரே சாலையை ஒருவர் ஓஎம்ஆர் என்பார், இன்னொருவர் ராஜீவ் காந்தி சாலை என்பார். 1996க்கு முந்தைய ஆங்கிலப் பத்திரங்களில் மெட்ராஸ் இருக்கும். ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். மற்ற பெயர்களை மாற்றுப்பெயராகப் பட்டியலில் உள்ள பெயருடன் இணைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் ஆவண மென்பொருளான ஷேர்பாயின்ட்டில், இத்தகைய சொற்பட்டியல்களை வைக்கும் டெர்ம் ஸ்டோரில் அதற்கு வசதி உண்டு.

'இதர' என்றொரு வகை மட்டும் வேண்டாம், சோம்பல்பட்டவர் எல்லாவற்றையும் அதில்தான் போடுவார். மாதம் ஒருமுறை, விடை கிடைக்காத தேடல்களைப் பார்த்து அந்தச் சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.