பழைய ஆசிலோஸ்கோப்பில் சப்ளை விழுந்தால்: டிரான்சிஸ்டரைக் கழற்றும் முன்

பழைய அனலாக் ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்று என் மேசைக்கு வந்தது. விசிறி சுற்றியது, முகப்பு விளக்கு மங்கலாக எரிந்தது, திரையில் ஒன்றும் இல்லை. சரிசெய்ய மூன்று வார இறுதிகள் ஆயின. அவற்றில் இரண்டை, நல்ல டிரான்சிஸ்டர்களைக் கழற்றிவிட்டு வேறு நல்ல டிரான்சிஸ்டர்களைப் பொருத்துவதில் செலவழித்தேன்.

மல்டிமீட்டர் பிடிக்கவும் சாலிடர் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: திரைக்குழாய்க்குப் போகும் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் முனையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை (ரெக்டிஃபையருக்குப் பின் வோல்ட்டைச் சமன்செய்பவை) 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

படி 1. மின்சாரம் கொடுக்காமல் பாருங்கள். ஃபியூஸ், பின்பக்க வோல்டேஜ் தேர்வு, கருகிய ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர்.

படி 2. கருவியின் பகுதிகளுக்கு வெவ்வேறு டிசி வோல்ட் தரும் சுற்றுகளைத்தான் சப்ளை என்கிறேன். சர்வீஸ் கையேட்டை எடுத்து, ஒவ்வொரு சப்ளைக்கும் இருக்க வேண்டிய வோல்ட்டையும் இப்போது இருப்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பல கருவிகளில் ஒரு சப்ளைதான் தாய். மற்றவை அதை அளவுகோலாக வைத்தே தங்களைச் சரிசெய்துகொள்ளும். தாய் விழுந்தால் பிள்ளைகளும் விழும். என் கருவியில் ஐந்தும் குறைந்திருந்தன. ஐந்து கோளாறுகள் என்று பயந்துவிட்டேன். இருந்தது ஒன்றே ஒன்று. எந்தச் சப்ளை தாய் என்று சுற்றுப்படத்தில் கண்டுபிடித்து, அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 3. ரெகுலேட்டருக்கு (சப்ளையின் வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் சுற்று) முன்னால், ஃபில்டர் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே அளவிடுங்கள். டிசி சரியாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் பெரும்பாலும் நலம். அடுத்து மீட்டரை ஏசிக்கு மாற்றி ரிப்பிளை, அதாவது டிசியின் மேல் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை, பாருங்கள். (சில மலிவான மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டும். ஒரு முனையில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.) 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபையரின் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 50 என்று வந்தால் ஒரு டயோடு உள்ளே அறுந்து, மின்னோட்டத்தை விடாமல் இருக்கலாம். ரிப்பிளின் பள்ளம் மிக ஆழமாக இருந்தால், ரெகுலேட்டருக்கு உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே தேவையான ஓரிரண்டு வோல்ட் இடைவெளி அந்தக் கணத்தில் கிடைக்காது. ரிப்பிள் அப்படியே வெளியே போய்விடும். திரையில் கோடு நெளிகிறதா? டிரிகரை (அலையைத் திரையில் எப்போது வரையத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் அமைப்பு) லைனுக்கு, அதாவது வீட்டு மின்சாரத்தின் அலைக்கு, மாற்றுங்கள். நெளிவு அசையாமல் நின்றால் அது மின்சாரத்தோடு வரும் ரிப்பிள்தான்.

படி 4. என் இரண்டு வார இறுதிகளைத் தின்றது இதுதான். ரெகுலேட்டருக்கு முன்னால் எல்லாம் சரி, பின்னால் கிட்டத்தட்ட பூஜ்யம். ரெகுலேட்டரின் டிரான்சிஸ்டர் செத்துவிட்டது என்றுதானே தோன்றும்? ஆனால் இப்படிப்பட்ட பல ரெகுலேட்டர்கள், வெளியே ஷார்ட் இருந்தால் தங்களைக் காத்துக்கொள்ள வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் ஒருசேரக் குறைத்துக்கொள்ளும். பெரிதாகச் சூடும் ஆகாது. வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் பிணம் என்று நினைத்துக் கழற்றினேன்.

எனவே கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சப்ளையின் வெளியீட்டுக்கும் சேசிஸுக்கும் (கருவியின் உலோகச் சட்டம்) இடையே ஓம் பாருங்கள். 5 வோல்ட் சப்ளையில் சில பத்து ஓம் காட்டினால் பதற வேண்டாம். அது சுமையின் இயல்பாக இருக்கலாம். ஓரிரு ஓம் என்றால் ஷார்ட். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஓம் ஏறுகிறதோ அந்த போர்டில்தான் குற்றவாளி.

அந்த போர்டில் இருபது கெப்பாசிட்டர்கள் இருந்தால்? ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள், பழைய போர்டில் செப்புத் தடம் பெயர்ந்து வரும். வெளி பவர் சப்ளையை 0.4 வோல்ட்டிலும் மின்னோட்ட வரம்பை 500 மில்லி ஆம்பியரிலும் வைத்து, அந்த போர்டின் சப்ளைத் தடத்துக்கும் சேசிஸுக்கும் இடையே, பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுங்கள். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் டயோடு, டிரான்சிஸ்டர்களின் சிலிக்கான் சந்திகள் மின்னோட்டத்தை விடாது. மின்னோட்டம் பெரும்பாலும் ஷார்ட் வழியாகவே ஓடும். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் வைத்து, சிவப்பு முனையைத் தடத்தின் மேல் நகர்த்துங்கள். மின்னோட்டம் ஓடும் பாதையில் மில்லிவோல்ட் குறைந்துகொண்டே போகும். அது குறையாமல் அப்படியே நின்றால், ஷார்ட்டைத் தாண்டி வந்துவிட்டீர்கள் அல்லது தவறான கிளையில் நிற்கிறீர்கள். எனக்கு அது செங்குத்து ஆம்ப்ளிஃபையர் போர்டில், சொட்டு வடிவத் தாண்டலம் கெப்பாசிட்டர் ஒன்றில் போய் முடிந்தது. சப்ளை போர்டுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்!

தாண்டலத்துக்குப் பதில் தாண்டலமே போடுவதென்றால், சப்ளை வோல்ட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாகப் போடுங்கள். எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு கோளாறு போய் மூன்று புதிய கோளாறுகள் வந்தால் எதைத் தேடுவது?

பின்சேர்க்கை: இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகக் கருவிக்கு வரும் மின்சார வழியில் குண்டு பல்பைத் தொடராக இணைத்து அளந்தபோது எல்லாச் சப்ளைகளும் குறைவாகக் காட்டினவாம். காட்டத்தான் செய்யும்; பல்பே வோல்ட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பல்பு வெறும் ஷார்ட் சோதனைக்கு மட்டுமே. அதோடு நெடுநேரம் ஓட்டவும் கூடாது: சில கருவிகளின் உயர் அழுத்த ஆசிலேட்டர் குறைந்த வோல்ட்டில் தொடங்காமல் திணறி அதிக மின்னோட்டம் இழுக்கும்.

சரிசெய்த பின் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளவிடுங்கள். தாய் சப்ளை கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருந்தால் அதன் திருகைத் தொடாதீர்கள். அதை நகர்த்தினால் கருவியின் எல்லா அளவுத்திருத்தங்களும் சேர்ந்தே நகரும்.