ராணிப்பேட்டை நாக்கோடு போர்தோவுக்கு

இருபத்தாறு வருஷம் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். தோல் பதனிடும் கடுக்காய்த் தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவேன். அதனால், நாங்கள் நாலு பேரும் பிரான்சில் போர்தோ பக்கம் ஒயின் சுவைக்கப் போகலாம் என்று பேச்சு வந்தபோது மற்றவர்களுக்கு இருந்த தயக்கம் எனக்கு இல்லை. சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் கடுக்காய்த் துவர்ப்பும் பங்காளிகள். இரண்டுமே டேனின் என்ற துவர்ப்புப் பொருள்தான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகுங்கள். டீத்தூளைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பால், சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும், நாக்கு பல்லில் சொரசொரவென்று உரசும். அதிலேயே ரெண்டு ஸ்பூன் பால் விட்டு மறுபடி குடித்தால் பிடி தளர்ந்திருக்கும். டேனினுக்குப் புரதம் கண்ணில் பட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் தோல், டம்ளரில் பால், வாயில் எச்சில். இது பிடிபட்டால் ஒயின்காரர்கள் பேசுவதில் பாதி புரிந்த மாதிரி.

எந்த ஊருக்குப் போகலாம் என்றால், போர்தோ பக்கத்துச் சாந்த் எமிலியோன் என்பேன். அங்கே மெர்லோ திராட்சைதான் அதிகம், துவர்ப்பு மென்மை. துவர்ப்பு கூடின கேபர்நே சாவின்யோன் திராட்சை ஓங்கிய மெடாக் பக்கம் அப்புறம் போகலாம். பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் டிஜிவி அதிவேக ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் போர்தோ, அங்கிருந்து சின்ன ரயில். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு மேட்டில் நடக்க வேண்டும், பெட்டியோடு வேண்டாம். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்தே ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. மகேந்திரவாடிக் குடைவரையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்குள் நிற்பது புது அனுபவமாகவே இல்லை.

மே, ஜூன் நல்ல மாதங்கள். செப்டம்பரில் அறுவடை, யாருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்காது. ஷாட்டோ எனப்படும் ஒயின் தோட்டங்களுக்கு முன்கூட்டியே மெயில் போட்டு நேரம் வாங்குங்கள். மதியம் 12 முதல் 2 வரை பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும், சாப்பாட்டில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஷாட்டோ என்றால் அரண்மனை என்று எண்ணிப் போகாதீர்கள். சிலது ஓட்டு வீடும் கிடங்கும்தான். கிடங்கில் 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். முதல் நாள் நாங்கள் பேராசையில் ஐந்து இடம் போட்டுவிட்டோம். மூன்றாவதிலேயே எங்கள் நாக்கு பதனிட்ட தோலாகிவிட்டது, பாக்கி இரண்டு இடத்திலும் தலையாட்டியதோடு சரி.

கிளாஸைத் தண்டில் பிடித்து, வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே நிறம் பாருங்கள். சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். ஒரு வாய் எடுத்து, கூடவே கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டி, வைத்திருக்கும் வாளியில் துப்பிவிடுங்கள். வெற்றிலை போடும் பாட்டிகள் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்கப்பட்டு விழுங்கினால் மாலையில் ஆள் இருக்கமாட்டார்.

வண்டி ஓட்டக் குடிக்காத ஒருவர் கூட இருப்பது பெரிய பாக்கியம். அங்கே ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. எங்களுக்கு மேல்விஷாரம் பாய் இருந்தார். முதல் வாளியைப் பார்த்ததும், “காசு குடுத்து வாங்கித் துப்புறதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். ஆனால் மண்ணைப் பற்றியும் பீப்பாயைப் பற்றியும் அதிகம் கேள்வி கேட்டது அவர்தான்.

அவருக்கு வாய்த்தது கனலே என்ற போர்தோ பலகாரம். வெளியே கருகின மாதிரி மொறுமொறு, உள்ளே மெத்து. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைக் கலப்பார்கள்; அந்தப் புரதம் டேனினைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். மிஞ்சின மஞ்சள் கருவில் பிறந்த பலகாரம் இது என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

திரும்பும்போது தலைக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை, அதாவது ரெண்டு பாட்டில். பாய் கணக்கில் இன்னும் ரெண்டு வைக்கலாமா என்று மெல்லக் கேட்டோம். பெட்டியைத் திறந்து காட்டினார். முழுக்கக் கனலே.